கீழிருந்து மேலே வரைந்த படம்

ஓய்வு பெற்றவர்களின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தின் டிசைன் அறையிலிருந்து போன மாதம் போன் வந்தது. "மேடம், முப்பத்திமூணு வருஷ சர்வீஸ். எத்தனை புடவைக்கு டிசைன் போட்டிருப்பீங்க! அதைப் பத்தி எழுதுங்க" என்றாள் அங்கே புதிதாக வந்திருக்கும் பெண். எழுதலாம்தான். ஆனால் நான் போட்ட அன்னமும் மாங்காயும் யார் யார் பீரோவிலோ பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? என் வேலையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அதை ஓய்வு பெற்ற பிறகுதான் செய்தேன். அதுவும் புடவையில் அல்ல, ஒரு சினிமாவில். மாணவர்கள் எடுத்த ஏழு நிமிஷ சினிமா. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் மலரில் போட வேண்டாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

நான் எஸ்தர். ஓரிக்கைக்காரி. அப்பா பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் படம் வரையக் கை வந்தது, அவ்வளவுதான். டிராயிங் பரீட்சை, மெட்ராஸில் இரண்டு வருஷப் பயிற்சி, அப்புறம் சங்கத்தில் வேலை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும், விட்டுவிடுகிறேன்.

வேலை என்னவென்றால், புடவையில் வர வேண்டிய உருவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். கிராஃப் என்போம். ஒரு கட்டம் ஒரு இழை. அந்தத் தாளைப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டை சொல்கிறபடி தறியில் நூல் தூக்கும். இதில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபைக் கீழிருந்துதான் படிப்போம். கடைசி வரிதான் முதலில் நெய்யும் வரி. மயில் என்றால் கால் முதலில் வரும், கொண்டை கடைசியில் வரும். நாலைந்து தாள் சேர்ந்த டிசைன் என்றால் முதல் தாள் அடியில் இருக்கும், அடுத்தது அதன் மேல். எண் எதுவும் போட மாட்டோம். தொடங்கும் இடத்தில் கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம். முப்பத்திமூன்று வருஷம் அப்படியே செய்து, அது என் கைக்குள் இறங்கிவிட்டது.

எனக்கு மேலதிகாரி ஏகாம்பரம் சார். தலைமுறை தலைமுறையாக நெசவு செய்யும் வீட்டுப் பிள்ளை, தலைமை டிசைனர். நான் பார்த்த மனிதர்களிலேயே கோபப்படத் தெரியாத மனிதர் அவர்தான், எனக்கோ கோபப்பட நன்றாகவே தெரியும். இரண்டாம் வருஷம் நான் ஒரு மாங்காய்க் கரையில் ஒரு கட்டம் குறைத்து எண்ணிவிட்டேன். முந்தானை நாலு அங்குலம் நெய்த பிறகுதான் தெரிந்தது. நான் அவர் மேஜை முன்னால் நின்று ஓவென்று அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்ப கைல என்னா இருக்குது?" என்றார்.

"தப்பு என்னோடதுதான் சார், நான்தான் கணக்கு..."

"அழுவறது அப்புறம். யார் தப்புன்றது அதுக்கும் அப்புறம். கைல என்னா இருக்குது, மொதல்ல எண்ணு."

எண்ணினேன். நெய்தது நாலு அங்குலம், அடித்த அட்டை இத்தனை, மீதி ஜரிகை இத்தனை. எண்ணி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. மாங்காய்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய கொடி விட்டால் குறைந்த கட்டம் சரியாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது. அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை. எந்தத் தப்பு வந்தாலும், யார் செய்தாலும், அதே கண்ணாடி, அதே முக்காலி, அதே கேள்விதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நெசவாளிகள் யாரும் என் கிராஃபை வாங்க மாட்டார்கள். "தறி இல்லாத வூட்டுப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லாமல் விட்டது வேறு ஒன்று, அதுவும் எனக்குத் தெரியும். ஒரு தீபாவளி நெருக்கடியில் மற்ற இரண்டு டிசைனர்களிடமும் வேலை நிரம்பி வழிந்தபோது, வேறு வழியில்லாமல் என் தாளை வாங்கிப் போனார்கள். தீபாவளி முடிந்தது. மார்கழியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது கன்னியப்பன் என்ற பெரிய நெசவாளி உள்ளே வந்தார். சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் தாண்டி என் மேஜைக்கு வந்து, "போன தபா போட்டியே, அது மாரி இன்னொண்ணு போடும்மா" என்றார். அன்றைக்குத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சினிமா.

இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் தீபிகா, கல்லூரியில் கடைசி வருஷம், சினிமா, விளம்பரம் சம்பந்தமான படிப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு டிராயிங் வரும்ல?"

'வரும்ல'வா! எனக்கு எப்படி இருக்கும்? "கொஞ்சம் வரும்" என்றேன்.

அவள் நிலைமை இது. போன பருவத்தில் எடுத்த குறும்படத்தைத் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் படமும் தேறாவிட்டால் இந்த வருஷம் டிகிரி கிடையாது. டிகிரி இல்லாவிட்டால், சென்னையில் டைரக்ஷன் படிக்க அவளுக்கு வந்திருக்கிற அழைப்பும் போய்விடும். கல்லூரியில் ஒரு குழுவுக்கு ஒரே ஒரு நாள்தான் கேமரா. அவளுக்குச் சனிக்கிழமை. அதற்கு முன்னால் வியாழக்கிழமைக்குள் ஸ்டோரிபோர்டு கொடுத்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோரிபோர்டு என்றால், எடுக்கப் போகும் ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டத்துக்குள் படமாக வரைந்து காட்டுவது. அவள் குழுவில் வரையத் தெரிந்த ஒரே பையன் லோகேஷ். அவனுக்கு அம்மை போட்டிருந்தது.

"கட்டம் போட்டு வரையணும், அவ்ளோதானே? அதைத்தானேம்மா முப்பத்திமூணு வருஷமா செஞ்சேன்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

கதை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பெண் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் நாள் ஸ்டாண்டுக்கு வருகிறாள். யாரும் அவள் வண்டியில் ஏறுவதில்லை. பார்க்கிறார்கள், பெண் என்று தெரிந்ததும் அடுத்த வண்டிக்குப் போகிறார்கள். கடைசியில் மழை கொட்டுகிறது, எல்லோரும் ஓடி வந்து ஏறுகிறார்கள். நடிக்கப் போவது நிஜமாகவே ஆட்டோ ஓட்டும் அஞ்சலை.

செவ்வாய் சாயங்காலமும் புதன் முழுவதும் வரைந்தேன். முப்பது கட்டம், பக்கத்துக்கு ஆறாக ஐந்து பக்கம். தீபிகா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்தாள். "ஆன்ட்டி, இது க்ளோஸப். முகம் மட்டும்தான். காலெல்லாம் போடாதீங்க." "ஆன்ட்டி, ஆட்டோவுக்கு எதுக்கு இவ்ளோ பார்டர்?" என் வயதில் பாதிகூட இல்லாத பெண், ரப்பரை எடுத்து என் கோட்டை அழிக்கிறாள்! ஏகாம்பரம் சார்கூட என் தாளில் ரப்பர் வைத்ததில்லை. இரண்டு தடவை பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனேன். இரண்டு தடவையும் அவள் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடி ரப்பரை எடுத்தாள். அவள் அழித்த இடமெல்லாம் அழிக்க வேண்டிய இடம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒவ்வொரு படமாகத்தான் அவள் பார்த்தாள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனிக்கவில்லை. கடைசிப் பக்கங்களைப் பார்க்கவேயில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்தாள். ஐந்து தாளையும் அடுக்கிக் கிளிப் போட்டுக் கொடுத்தேன். அன்று மத்தியானமே "சார் கையெழுத்து போட்டுட்டாரு ஆன்ட்டி! சூப்பர்னாரு!" என்று போன். நான் அன்று இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பிள்ளைகள் பசியோடு இருக்குமே என்று எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, அவர்கள் படம் எடுக்கிற தெருமுனைக்குப் போனேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே போனால் தெருவெல்லாம் தண்ணீர். ஆட்டோ சொட்டச் சொட்ட நிற்கிறது. அஞ்சலை தலைமுடியைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். பயணிகளாக நடிக்க வந்த நாலு மாணவர்களும் நனைந்த கோழியாட்டம் நிற்கிறார்கள். மழைக்குக் கொண்டுவந்த தண்ணீர் லாரி காலியாகிக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மழை அதுக்குள்ள வந்துட்சா? அது கடைசியிலதானே?" என்றேன்.

உதவி டைரக்டர் ஷபானா, தீபிகாவின் வகுப்புப் பெண், கையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். "இல்ல ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் இதான். உங்க ஸ்டோரிபோர்டைப் பாத்துத்தான் லிஸ்ட் எழுதினேன்."

தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"இத்த மேலேர்ந்தா படிச்சே?"

"பின்ன எங்கேர்ந்து ஆன்ட்டி படிப்பாங்க?"

முதல் கட்டத்தைக் கீழே வரைந்திருந்தேன். முதல் பக்கத்தை அடியில் வைத்திருந்தேன். ஒரு எண்கூடப் போடவில்லை. கதை முழுவதும் தலைகீழாகப் போயிருந்தது.

"கீழ் மூலையில செவப்புப் புள்ளி வெச்சேனே, அதைப் பாக்கல?"

"அது பொட்டுன்னு நெனச்சேன் ஆன்ட்டி. புதுசா எது பண்ணாலும் வைப்பாங்கல்ல."

"நான் சர்ச்சுக்குப் போறவ. நீ நோன்பு வைக்கிறவ. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல பொட்டு எங்கேர்ந்துடி வந்துது?"

இப்போது இதைச் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. தீபிகா தெரு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"லாரி சீக்கிரம் போகணும்னுதான் ஷபானா மழையை முன்னாடி வெச்சிருக்கான்னு நெனச்சேன். காய நேரமாகும்னு தோணல" என்றாள். "சார்கூட ஏதோ ரிவர்ஸ் நரேட்டிவ், நல்லா இருக்குன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கையெழுத்து கெடச்சா போதும்னு தலையாட்டிட்டு ஓடி வந்துட்டேன்." அப்புறம் முகத்தை மூடிக்கொண்டாள். "போச்சு ஆன்ட்டி. காய்ஞ்ச ஷாட்டு பதினெட்டு இருக்குது. எதுவும் எடுக்கல. எல்லாம் போச்சு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவேயில்லை. முப்பத்திமூன்று வருஷத்தில் என் தாளால் ஒரு தறிகூட வீணாக நின்றதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். இப்போது ஒரு பெண்ணின் ஒரு வருஷத்தையே கவிழ்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அப்படியே வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் என் கை பாட்டுக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பூக்கடை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தப்பு என்னோடது. அதை அப்புறம் பேசலாம். இப்ப கைல என்னா இருக்குது? எண்ணு."

தீபிகா நிமிர்ந்து பார்த்தாள். ஷபானாதான் எண்ண ஆரம்பித்தாள். விடியற்காலையிலிருந்து மழை ஷாட் பன்னிரண்டும் எடுத்தாகிவிட்டது, நன்றாகவே வந்திருக்கிறது. அஞ்சலைக்கு நாலு மணிக்குச் சவாரி. கேமராவை ஐந்து மணிக்குள் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும், அதனால் எப்படியும் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. தெருவும் துணியும் காய எப்படியும் மத்தியானம் ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும்.

"அப்போ ரெண்டுலேர்ந்து நாலு" என்றாள் தீபிகா. "ரெண்டு மணி நேரம். ஆறு ஷாட் எடுக்கலாம். பதினெட்டு முடியாது."

"ஆறு இருக்குதில்ல" என்றேன்.

அஞ்சலை காக்கிச் சட்டை நுனியைப் பிழிந்தபடியே பேசினாள். "யக்கா, ஒண்ணு சொல்லட்டா? இந்தக் கதை எனக்கு மொதல்லேர்ந்தே ஒரு மாரியாத்தான் இருந்துது. மழையில ஏறுறவங்க என்னை நம்பியா ஏறுறாங்க? மழைக்குப் பயந்து ஏறுறாங்க. எனக்கே அப்படித்தான் ஆச்சு. மொத மழையில வண்டி ரொம்பி வழிஞ்சுது. மறுநாளு அதே ஜனம் என்னைப் பாத்தும் பாக்காத மாரி போச்சு."

"அத்தினி பேருமா போனாங்க?" என்று கேட்டேன்.

அஞ்சலை பிழிவதை நிறுத்தினாள். "ஒரு டீச்சரம்மா வந்துச்சு. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு முன்னாடி நாலு வண்டி நின்னுக்கினு இருக்குது. எல்லாத்தையும் தாண்டி வந்து என் வண்டில குந்துச்சு. 'போலாமா'ன்னுச்சு. அன்னிக்கு வூட்டுக்குப் போயி அழுதேன்கா."

எனக்குக் கன்னியப்பன் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு மேஜையைத் தாண்டி வந்து நின்றாரே, அந்த மார்கழி மாதக் காலை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. தீபிகா எழுந்து நின்றுவிட்டாள்.

"மழைலேர்ந்து ஆரம்பிக்கிறோம்" என்றாள். "மழையில எல்லாரும் ஏறுறாங்க. மறுநாள் வெயில். ஏறுவாங்களா மாட்டாங்களா, அதான் படம். ஆன்ட்டி, பேப்பர்!"

பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பி, ஆட்டோவின் பின் சீட்டில் வைத்து வரைந்தேன். ஆறு கட்டம். பழக்கதோஷம், பென்சில் கீழ் மூலைக்குத்தான் போயிற்று. ஷபானா என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுபோய் வைத்தாள். "ஒண்ணுன்னு நம்பர் போடுங்க ஆன்ட்டி" என்றாள். போட்டேன்.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் நாலு பேர் சட்டையையும் தேய்த்தே காய வைத்துக் கொடுத்தார். நாங்கள் எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுகொண்டு தெரு காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஷாட்டில் அஞ்சலை அழுகிற மாதிரி நான் வரைந்திருந்தேன். தீபிகா ரப்பரை எடுத்தாள்.

"அழ வேணாம் ஆன்ட்டி."

"நெஜத்துல அழுதாளேம்மா!"

"வூட்டுக்குப் போயித்தானே அழுதாங்க? ஸ்டாண்டுல அழல. வண்டிக் கண்ணாடியை மட்டும் காமிப்போம். பின்னாடி ஆள் ஒக்காந்ததும், அக்கா கண்ணாடியைத் திருப்பி முகத்தைப் பாக்கறாங்க. வண்டி கெளம்புது. கட்."

இந்த நிலைமையிலும் என் கோட்டை அழிக்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள்தானே டைரக்டர். கண்ணாடியை வரைந்து கொடுத்தேன். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த ஷாட்டை எடுத்தார்கள். அஞ்சலை கண்ணாடியைத் திருப்பினாள், அதில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள், உதடு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். இஸ்திரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கேட்டால் கரிப்புகை என்றார்.

படம் தேறிவிட்டது. "இது ரிவர்ஸ்ல வொர்க் ஆகும்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாராம் ஆசிரியர். தீபிகா இந்தத் தடவையும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். சென்னையில் டைரக்ஷன் படிப்பில் சேர்ந்தும் விட்டாள். அஞ்சலையின் ஆட்டோவில்தான் ஸ்டேஷனுக்குப் போனாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும், என் தப்பு தப்புதான். படம் நன்றாக வந்ததால் அது சரியாகிவிடாது. ஏதோ ஆள் இல்லாத அவசரத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்க் கெடுத்து, ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம், இனி நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் தீபிகா. லீவில் வந்திருக்கிறாள். இந்தத் தடவை செருப்பை ஒழுங்காகக் கழற்றினாள். அங்கே முதல் படம் எடுக்க வேண்டுமாம், இரண்டு மாதம் நேரம் இருக்கிறதாம், ஒரு அவசரமும் இல்லையாம்.

"ஸ்டோரிபோர்டு போடணும் ஆன்ட்டி."

"ஏம்மா, லோகேஷ் இருக்கானே? அவனுக்குத்தான் அம்மை எறங்கிடுச்சே?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். நேத்துகூட நான் போட்டுத் தரேன்னான்."

"அப்புறம் என்னா?"

"உங்ககிட்டதான் வந்திருக்கேன் ஆன்ட்டி" என்றாள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் எதிரே அழ மாட்டேன், அதெல்லாம் அவள் போன பிறகு. பெரிய தாளாக ஒன்றை எடுத்து மேஜையில் விரித்து, இடது பக்கம் மேல் மூலையில் ஒன்று என்று எண் போட்டேன். அதற்குள் அவள் தன் பையிலிருந்து ரப்பரை எடுத்து வைத்துவிட்டாள். அறுபது கட்டமாம். மலருக்கு இதற்கு மேல் எழுத எனக்கு நேரமில்லை.